முசியே ஜெராரின் அடுக்கு

போன வாரம் லாஸ்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். வெறும் வயிற்றில் இருக்கும் மனிதர்களை ரொம்ப நேரம் ஒரே அறையில் அடைத்து வைக்கக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து. சுவரில் ஒரு பெரிய திரை. அதில் டோக்கன் எண் வரும், மணி அடிக்கும், அந்த எண்காரர் எழுந்து உள்ளே போக வேண்டும். கொஞ்ச நேரம் ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒரே எண்ணில் நின்றுவிட்டது. அந்த எண்ணுக்குரிய பெரியவர் எப்போதோ ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். திரை மட்டும் அவரை விடுவதாயில்லை.

மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் வாயாலேயே எண்களைக் கூவ ஆரம்பித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நின்றுபோன திரையைப் பார்த்தால் எனக்குத் திரை தெரியாது. ஒரு மனிதருடைய முகம் தெரியும். சுத்தமாக மழித்த, ஓடிகொலோன் மணக்கும் முகம்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார் பக்கத்தில் இருந்த என் கணவர். "அந்தாள இத்தினி வருஷமா மனசுல குடி வச்சிருக்கியே, வாடகையாவது வாங்கினியா?"

வாங்கவில்லை. காலி பண்ணச் சொல்லவும் மனம் வரவில்லை. சிலர் பழைய பட்டுப்புடவையை மடிப்பு மாற்றி மாற்றி வைப்பார்கள் அல்லவா, நான் என் பகையை அப்படி வைத்திருக்கிறேன். அவ்வப்போது எடுத்து உதறி, பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் நெருங்கியவர் என்பதால் இன்று உங்கள் முன்னால் பிரித்துக் காட்டுகிறேன்.

ஓடிகொலோன் என்றேனே, அந்த வாசனை தனியாக வராது. கூடவே வெட்டிவேர் ஊதுபத்தி வாசனையும் சூடான ஈயப்பற்றின் புகையும் வரும். படித்து முடித்ததும் நான் சேர்ந்த கம்பெனி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. மதில் தாண்டினால் ஊதுபத்தி தயாரிப்பவர்கள். அவர்கள் வாசனைக் கலவை போடும் நாளில் எங்கள் சோற்று டப்பாவில் இருக்கும் மீன்குழம்புகூடப் பூஜை அறை மாதிரி மணக்கும். இன்றைக்கும் யாராவது வெட்டிவேர் பத்தி கொளுத்தினால் எனக்குப் பக்தி வருவதில்லை, பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. சாமி மன்னிக்கட்டும்.

நாங்கள் செய்தது ஆஸ்பத்திரி மானிட்டர். நோயாளியின் கட்டிலோரம் நின்று நாடித்துடிப்பையும் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் அளவையும் காட்டுமே, அந்தப் பெட்டி. விரலில் ஒரு கிளிப் மாட்டினால் போதும், திரையில் பச்சை அலை ஓடும். என் வேலை, அந்தத் திரையை ஓட்டும் சிப்புக்கு டிரைவர் எழுதுவது. எங்கள் மீனவக் குப்பமான பிள்ளைச்சாவடியில் இதைச் சொல்லி நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. என் அண்ணன் விசைப்படகு டிரைவர். அம்மா மீன் கூடையோடு போகிற இடத்தில் எல்லாம், "எம் பொண்ணும் டிரைவர் வேலதான் பாக்குறா" என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் ஒருவர் என்னை நிறுத்தி, "உனுக்கு எதுக்கும்மா கடல் வேல? படிச்ச புள்ள," என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கம்பெனி முசியே ஜெராருடையது. முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. அவர் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்சில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஊரில் வந்து தொழில் தொடங்கினார். கெட்டிக்காரர், அதை மறுக்கவில்லை. முதல் மானிட்டருக்கான முழு நிரலையும் தனி ஆளாக எழுதியவர். கெட்டிக்காரத்தனமும் தன்னைப் பற்றிய பிரமிப்பும் ஒரே சட்டைக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். யாரையும் 'நீ' என்று கூப்பிட மாட்டார். அந்த 'நீங்க'வில் மரியாதை கிடையாது. கைக்கெட்டாத தூரத்தில் நம்மை நிறுத்துவதற்கான கோல் அது. பெண்கள் எல்லாரும் அவருக்கு மத்மசேல்கள், அதாவது பிரெஞ்சில் செல்விகள். "மத்மசேல், இத நீங்கதான் எழுதினீங்களா?" என்று மிக மென்மையாகக் கேட்டார் என்றால், அன்றைக்குப் பொழுது போச்சு.

அப்புறம் அந்த ஒரு சொல்: "நுல்!" பிரெஞ்சில் பூஜ்யம், உதவாதது என்று பொருளாம். எங்கள் தொழிலிலும் 'நல்' என்று ஒன்று உண்டு. ஒன்றையும் காட்டாத காலி முகவரி. ஆகவே என் நிரலில் நல் இருந்தால் இயந்திரம் விழும், இல்லாவிட்டால் முசியே "நுல்" என்று விழுவார். எப்படிப் பார்த்தாலும் விழுவது நான்தான்.

சண்டை எதைப் பற்றி என்று சொன்னால் சிரிப்பீர்கள். பொதுவேலையை எங்கே வைப்பது என்பதுதான் சண்டை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கம்ப்யூட்டருக்குள் இயந்திரத்துக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை நிரலுக்குக் கர்னல் என்று பெயர். திரைச் சிப்போடு பேச அதற்குள் இருக்கும் துண்டுதான் டிரைவர். சிப் மாறினால் டிரைவரும் மாறும். ஆனாலும் திரையை எழுப்புவது, படத்துக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்குவது என்று எல்லா டிரைவர்களும் செய்தாக வேண்டிய வேலைகள் சில உண்டு. அவற்றை ஆளாளுக்குத் திரும்ப எழுத முடியாது. ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும். எந்த இடத்தில்?

முசியேயின் பதில், டிரைவருக்கு மேலே. பொதுவேலைகளை எல்லாம் ஒரு பெரிய அடுக்காகக் கட்டி மேலே உட்கார வைத்துவிட்டார். எந்தக் கட்டளையும் முதலில் அடுக்குக்குத்தான் வரும். அது தன் வரிசைப்படி வேலையைச் செய்துகொண்டே, இடையிடையே டிரைவரைக் கூப்பிட்டு, "இதைச் செய், திரும்பிப் போ" என்னும். டிரைவருக்குச் சொந்த யோசனை கூடாது. என் பதில் நேர் எதிர். கட்டளை நேராக டிரைவரிடம் வரட்டும். பொதுவேலைகள் கருவிகளாகப் பக்கத்தில் இருக்கட்டும். எந்தச் சிப்புக்கு எது வேண்டுமோ அதை வேண்டிய நேரத்தில் எடுத்துக்கொள்ளட்டும், வேண்டாததைத் தொடாமல் விடட்டும். நான் கண்டுபிடித்த யோசனை அல்ல இது. உலகம் முழுக்க இந்த வேலை பார்ப்பவர்கள் அடிபட்டு அடிபட்டுக் கற்றுக்கொண்டது. நான் வாசித்துத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். அவரும் வாசித்திருப்பார். வாசிப்பதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றா?

ஒரே ஒரு சிப் இருந்தவரை அடுக்கு அழகாகத்தான் இருந்தது. அது அந்தச் சிப்பின் அளவுக்கே தைத்த சட்டை. முசியே அதற்கு 'லா கூஷ்' என்று பெயர் வைத்திருந்தார். பிரெஞ்சில் அடுக்கு என்று அர்த்தம் என்றார். கணக்குப் பார்க்கும் மரி அக்காவின் வீட்டில் பிரெஞ்சு புழங்கும். அவர் ஒருநாள் சாப்பிடும்போது குரலைத் தாழ்த்தி, "அதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்குதுடி. கொழந்தைங்களுக்குக் கட்டுவாங்களே இடுப்புத் துணி, அதுவும் கூஷ்தான்," என்றார். எனக்குப் புரையேறிவிட்டது. அதற்குப் பிறகு கூட்டங்களில் முசியே கம்பீரமாக 'லா கூஷ்' என்னும்போதெல்லாம் நானும் மரி அக்காவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தக் கொட்டகையில் நான் சிரித்தது அநேகமாக அதற்கு மட்டும்தான்.

அப்புறம் புதுச் சிப் வந்தது. அலைக்குத் தனித் தளம், எண்களுக்குத் தனித் தளம் என்று தனித்தனியாகப் புதுப்பிக்கலாம். நல்ல சிப். ஆனால் அடுக்குக்கு இந்தத் தனித்தனி என்பதே தெரியாது. நான் அடுக்கைப் பிரித்து, வேண்டியவற்றை மட்டும் கருவிகளாக எடுத்து, ஒரு டிரைவர் எழுதி ஓட்டிக் காட்டினேன். முசியே நின்றபடியே பார்த்தார்.

"நல்லா ஓடுது," என்றார். எனக்கு நெஞ்சு பூரித்தது. "ஆனா இது நுல், மத்மசேல். என் வீட்டுக்கு வந்து என் சுவத்த இடிக்கிறீங்க. திரும்பக் கட்டிடுங்க."

"சார், சிப்புக்கு ஏத்த மாதிரிதானே..."

"சிப் வரும், போகும். அடுக்கு இருக்கும்."

அத்தோடு முடிந்தது. புதுச் சிப்பை அடுக்குக்குள் எப்படியாவது அடக்கும் வேலையைத் தண்டபாணியிடம் கொடுத்தார். தண்டபாணி லாஸ்பேட்டைக் கல்லூரியில் என்னோடு படித்தவன். அவன் அப்பா பாகூர் பக்கம் பயிர்வைப்பவர். பரீட்சைக்கு முந்தின வாரங்களில் என் பாடக்குறிப்பை வைத்துத்தான் படிப்பான். கம்பெனியில் என் நாற்காலிக்கு முதுகு காட்டிய நாற்காலி அவனுடையது. அவன் கண்டுபிடித்த வழி மிக எளிது. அடுக்கு இடறும் இடத்தில் எல்லாம் 'இந்தச் சிப்பாக இருந்தால் இதைச் செய்யாதே' என்று ஒரு விதிவிலக்கு செருகினான். பிறகு அந்த விதிவிலக்குக்கு ஒரு விதிவிலக்கு. முசியேவுக்கு ஒரே மகிழ்ச்சி. சுவர் இடியவில்லை அல்லவா? ஓட்டைகள்தானே போட்டிருக்கிறது.

அப்படிப் போட்ட ஓட்டைகளில் ஒன்றில்தான் நான் ஆபத்தைப் பார்த்தேன். எளிதாகச் சொல்கிறேன். அடுக்கிடம் ஒரு சாவி இருக்கும், டிரைவரிடம் ஒரு சாவி. ஒரே நேரத்தில் இரண்டு பேர் திரையில் கை வைக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. சில வேலைகளுக்கு இரண்டு சாவியும் வேண்டும். நோயாளியின் நிலை மோசமானால், எல்லார் கண்ணிலும் படட்டும் என்று திரை பளிச்சென்று வெளிச்சம் கூட்டும். அந்த வேலை அடுக்கின் சாவியை எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு, மிச்சத்தை முடிக்க டிரைவரின் சாவிக்குக் காத்திருக்கும். அதே கணத்தில், தண்டபாணி போட்ட விதிவிலக்கின் வழியே வரும் அலை வரையும் வேலை, டிரைவரின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்கின் சாவிக்குக் காத்திருந்தால்? இரண்டு பேரும் கையில் இருப்பதை விட மாட்டார்கள். உலகம் முடியும்வரை காத்திருப்பார்கள். திரைச் சிப்புக்கு இந்தச் சண்டை தெரியாது. கடைசியாக வரைந்து வைத்த படத்தையே ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை மணியும் அந்த வெளிச்ச வேலைக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றது. ஆக, மணியும் அடிக்காது.

அதாவது, நோயாளி மோசமாகும் அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பெட்டி கல்லாகும். எப்போதாவது ஒரு முறைதான். ஆனாலும் ஆகும்.

தண்டபாணியிடம் சொன்னேன். "சாரு பாத்துட்டாரு, ஓகேன்னுட்டாரு. உனக்கு எதுக்கு?" என்றான். முசியேயிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க எழுதினத ஒத்துக்கலேன்னு கோபம். கோபத்துல எழுதற புரோகிராம் மட்டும் இல்ல, கோபத்துல சொல்ற காரணமும் நுல்தான்," என்றார். அந்தப் புதுச் சிப்பின் டிரைவரை அடுக்கின் கட்டளைப்படி எழுதி முடிக்க வேண்டியவளும் நானே என்று உத்தரவாயிற்று. எழுதினேன். அலை வரையும்போது சாவியைப் பிடித்துக்கொண்டேதான் அடுக்கைக் கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட விதி. வேறு மாதிரி எழுதினால் அடுக்கு ஏற்காது. ஒவ்வொரு வரியையும் வேண்டா வெறுப்பாக எழுதினேன். கசப்பு மருந்தைக் கலக்கி மற்றவர் வாயில் ஊற்றுவது போல இருந்தது.

ஊருக்குள் ஒரு ஆஸ்பத்திரியில் சோதனைக்கு வைக்க ஏற்பாடானது. கூடவே இருந்து கவனிக்க என்னையும் தண்டபாணியையும் அனுப்பினார்கள். நாங்கள் அதற்குள் பேசுவதை நிறுத்தியிருந்தோம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நடுவில், கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து அரை மயக்கத்தில் ஒரு அம்மா. தலைமாட்டில் அவருடைய மகள், கையில் வெந்நீர் பிளாஸ்க்கோடு.

காலை வெயில் ஜன்னல் வழியாக அந்த அம்மாவின் காலில் விழுந்துகொண்டிருந்தது. மகள் என்னிடம், "இது இன்னாக்கா காட்டுது?" என்று கேட்டாள். நான் விளக்கத் திரும்பினேன். ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. நாடி எழுபத்தெட்டு. எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி. திரையும் பளிச்சென்று இருந்தது. வழக்கத்தைவிடப் பளிச்சென்று. அப்புறம்தான் பார்த்தேன். அலை ஓடவில்லை. மேலே ஏறிய முனை ஏறிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

கடற்கரையில் பிறந்தவள் நான். நிற்கிற அலையை அதுவரை பார்த்ததில்லை.

"சிஸ்டர்!" என்று நான் கத்தியதில் பிளாஸ்க் கீழே விழுந்தது. "மிஷின் நின்னுபோச்சு! அவங்கள பாருங்க, மிஷின பாக்காதீங்க!"

சிஸ்டர் ஓடிவந்தார். அந்த அம்மாவின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. தாடையைத் தூக்கிப் பிடித்து, முகமூடியை வைத்து, ஆக்சிஜனைத் திறந்தார்கள். டாக்டரம்மா வந்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக, மிக மெதுவாக, அது உதட்டின் நிறத்துக்குத் திரும்பியது. அதுவரைக்கும் எங்கள் திரை தொண்ணூற்றெட்டு என்றே சாதித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் அடங்கியதும் அந்த மகள் அழுதபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வேளக்கா, உங்க மிஷின் இருந்துச்சு," என்றாள்.

இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இன்னும் செரிக்காமல் கிடப்பது அது ஒன்றுதான்.

மறுநாள் டாக்டரம்மாவே கொட்டகைக்கு வந்தார். முசியே அவரை எதிர்கொண்டு அழைத்து, காபி வரவழைத்து, எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துக்கொண்டு பேசினார். குரலில் பட்டு.

"தப்பு கண்டுபிடிச்சாச்சு டாக்டர். கட்டமைப்புல ஒண்ணுமில்ல. டிரைவர்ல ஒரு சின்னப் பிழை. எழுதினது இந்தப் பொண்ணுதான். புதுசு, அனுபவம் போதாது. நாங்க பாத்துக்கறோம்."

நான் தண்டபாணியைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியும். எந்த ஓட்டை, எந்தச் சாவி, யார் போட்டது, யார் எச்சரித்தது, எல்லாம் தெரியும். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பின்னால் டீக்கடையில் மடக்கிக் கேட்டேன். "தங்கச்சிக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கோம். இந்த நேரத்துல வேல போச்சுன்னா நான் இன்னா பண்றது? நீ சமாளிச்சுப்ப," என்றான். நான் சமாளிப்பேன் என்று அவனுக்கு எவ்வளவு நம்பிக்கை பாருங்கள். குடித்துக்கொண்டிருந்த டீயை அவன் காலடியில் ஊற்றிவிட்டு வந்தேன். முகத்தில் ஊற்றியிருக்க வேண்டும் என்று இன்றும் சில நாள் தோன்றும். டீ ஆறிப்போயிருந்தது, ஒன்றும் ஆகியிருக்காது.

அது பிறகு. முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். டாக்டரம்மா காபியை முடித்து எழுந்திருக்கப் போனார். என் கால் தானாக நகர்ந்தது. சோதனை மேசையில் இருந்த மானிட்டரைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"மத்மசேல்," என்றார் முசியே.

நான் கிளிப்பை என் விரலில் மாட்டினேன். பச்சை அலை ஓடியது. அன்றைக்கு என் நாடி எவ்வளவு வேகமாக ஓடியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எச்சரிக்கையைக் கைவிசையால் கிளப்பினேன். திரை பளிச்சிட்டது, மணி அடித்தது, அலை ஓடியது. நிறுத்தினேன். மறுபடி கிளப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி.

"போதும், மத்மசேல். டாக்டருக்கு நேரம் இல்ல."

"இருக்கு," என்றார் டாக்டரம்மா. அவர் பையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுபடி. மறுபடி. மதிலுக்கு அப்பால் ஊதுபத்திப் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் மறுபடி விசையை அழுத்தினேன். திரை பளிச்சிட்டது. மணி அடிக்கவில்லை. அலை நின்றது.

கிளிப்பைக் கழற்றினேன். விரலை அவர் கண்ணுக்கு நேரே உயர்த்திக் காட்டினேன்.

"டாக்டர், என் விரலு இங்க இருக்குது. நாடி இன்னும் அங்க இருக்குது."

திரையில் எண்கள் நிம்மதியாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. செத்த பிறகும் ஒருத்தியை உயிரோடு இருப்பதாகச் சொல்லக்கூடிய பெட்டி. டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

"இது டிரைவர்ல பிழையா, வேற எங்கயாவதா?" என்று என்னிடம் கேட்டார்.

"டிரைவர் எது செஞ்சாலும் அடுக்கு சொல்ற வரிசையிலதான் செய்யணும் டாக்டர். வரிசை தப்பு. முன்னாடியே சொன்னேன்."

அவர் முசியேயிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "இது என் ஆஸ்பத்திரி வாசப்படி ஏறக் கூடாது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் கார் கிளம்பும் சத்தம் தேயும்வரை முசியே காத்திருந்தார். அப்புறம் முதல்முறையாக என்னை 'நீ' என்றார்.

"நீ ஒரு பிழையக் காட்டல. என்னக் காட்டிக் கொடுத்த. வெளியே போ."

போனேன். என் சோற்று டப்பாவை எடுத்துத் தந்தது மரி அக்கா. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, "டிரைவர் வேலயே வேணாம் போ, வேற பாரு," என்றார்கள். நான் அழவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, கோபம் அவ்வளவு இருந்தது, அழுகைக்கு உள்ளே இடமில்லை.

சில மாதம் கழித்து மரி அக்கா பஸ்ஸில் பார்த்தபோது மிச்சத்தைச் சொன்னார். அடுக்கைப் பிரித்துவிட்டார்களாம். பொதுவேலைகள் எல்லாம் கருவிகளாகிவிட்டனவாம். கட்டளை நேராக டிரைவருக்குப் போகிறதாம். முசியே ஒரு கூட்டம் போட்டு, கரும்பலகையில் படம் வரைந்து, இது தன்னுடைய புதிய சிந்தனை என்று விளக்கினாராம். தண்டபாணி கை தட்டினானாம். "உம் பேர யாரும் சொல்லலடி," என்றார் அக்கா. அந்த ஏற்பாட்டுக்கும் முசியே ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்திருக்கிறார். என்னவென்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

பெட்டி பிறகு ஒழுங்காக ஓடியது என்பதுதான் இதில் கொடுமை. என் யோசனைதான் ஓடியது. நான் திண்டிவனம் சாலையில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன்.

வேலை கிடைத்தது, வேறு ஊர், வேறு சிப்புகள், கல்யாணம், திரும்பவும் புதுச்சேரி. கொட்டகையில் இப்போது ஒரு கூரியர் கிடங்கு. அந்தத் தொழிலே மாறிவிட்டது. சிப் விற்பவர்களே டிரைவரையும் செய்து கொடுத்துவிடுகிறார்கள்; பொதுவேலையை எங்கே வைப்பது என்று ஒரு அறைக்குள் ரத்தம் கொதிக்கச் சண்டை போடும் ஆட்களை இந்தப் பக்கம் நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. நான் இன்று அனுப்பும் புகாருக்கு, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று இயந்திரம் பதில் எழுதுகிறது. "நுல்" என்று சொல்லக்கூட அதற்குத் தெரியவில்லை.

தண்டபாணியை இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விற்கிறானாம். உருண்டு திரண்டு, நெற்றியில் சந்தனத்தோடு, வெகு சந்தோஷமாக என் குழந்தைகளைக் கொஞ்சினான். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "ஏன் தண்டபாணி, அந்த ரெண்டு சாவி விஷயம் ஒனக்கு அன்னிக்கே தெரியும்தானே?"

அவன் முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. "இன்னா சாவி?" என்றான். "யம்மா, அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்குது? புரோகிராம் எழுதி எத்தினி வருஷம் ஆச்சு! வா, பந்தி போடறாங்க." இத்தனை வருஷமாக நான் ஒருவனை வெறுத்துக்கொண்டிருக்கிறேன், அவனோ அந்த இடத்தையே துடைத்து வெள்ளையடித்து விற்றுவிட்டான்.

மரி அக்கா நேற்று போன் செய்தார். முசியே ஜெரார் பிரான்சில், மகள் வீட்டில், இறந்துவிட்டாராம். அடக்கமும் முடிந்துவிட்டதாம். இங்கே பழைய ஆட்கள் சிலர் மாதா கோயிலில் பூசை வைக்கப் போகிறார்கள், வருகிறாயா என்றார்.

"வரலக்கா."

"செத்தவங்க மேல இன்னாடி கோபம்? ஒரு நல்ல வார்த்த சொல்லேன்."

"நல்ல வார்த்த வரலக்கா. வந்தா சொல்றேன்."

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். துக்கம் என்று ஒன்று வருகிறதா என்று பார்த்தேன். இல்லை. ஆனால் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. அந்த நிரல் இப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. தண்டபாணி மறந்துவிட்டான். மரி அக்காவுக்குக் கூஷ் என்ற சொல் மட்டும்தான் தெரியும். வரி வரியாக அதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், நானும் முசியேயும். நான் சொன்னதுதான் சரி என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பிரித்துக் கட்டினார். என்றைக்காவது, எந்தத் தெருமுனையிலாவது, அதை அவர் வாயால் சொல்ல வைத்துவிட வேண்டும் என்று நான் காத்திருந்தேன் போலிருக்கிறது.

அவர் தப்பு செய்தார் என்று ஒப்புக்கொள்ளக்கூடிய ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். இப்போது அவரும் இல்லை.